ஐந்துக்கு இரண்டு

"உன் குவாலிட்டி சரியில்லம்மா" என்றார் முதலாளி.

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. விரிசல், புள்ளி, கோணல் என்று நாளெல்லாம் ஏதாவது ஒன்றின் குவாலிட்டி சரியில்லாமல்தான் இருக்கும். சரக்கைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "எந்த லோடுங்க மொதலாளி?" என்று கேட்டேன்.

"லோடு இல்ல. நீதான்."

மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஆபீஸில் இருக்கிற இன்டர்நெட் போன்களின் விவரம் அதில் தெரிந்தது. ஒவ்வொரு போனுக்கும் நேரே அதை வைத்திருப்பவர் பெயர், பெயருக்கு நேரே ஒரு மார்க். பழமலைநாதன் என்ற அவர் பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் ஐந்துக்கு நாலரை. அன்புக்கரசி என்ற என் பெயருக்கு நேரே ஐந்துக்கு இரண்டு. சிவப்பில்.

"பாத்தியா, மெஷினே சொல்லுது. நாளையிலேருந்து நீ பேக்கிங்குக்குப் போயிடு. மெட்ராஸ்ல ஒரு ஆபீஸு இருக்குது, நம்ம போனெல்லாம் இனிமே அங்க போயிடும். அங்க இருக்குற பொண்ணுங்க நல்லா பேசுவாங்களாம்."

கணக்கு எழுதுகிற ஃப்ளோரா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டாள். டேப் ரோல் வாங்க வந்திருந்த பேக்கிங் பூவாயி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். பூவாயி அக்கா காதில் விழுந்தால் வேலை நடக்கிற செட் முழுக்க விழுந்த மாதிரிதான். டீ வேளைக்குள் லோடு ஏற்றுகிற ஆட்கள் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: அன்புக்குப் பேச வரலையாம், மெஷினே மார்க்கு போட்டுடுச்சாம்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் அம்மா சொல்லும். அந்த நேரத்தில் அந்தக் கோபம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு ஆத்திரம். நான் நம்பிவிட்டேன்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. பழைய போன் இருந்தவரை ஆர்டர் எடுப்பதில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சேலம், திருப்பூர், மதுரை என்று கடைக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். பணம் இழுத்தடிக்கிறவர்களிடம்கூட நான் பேசினால் வந்துவிடும். போன வருஷம் முதலாளியின் அக்கா மகன் பிரவீன்குமார் வந்து இந்த இன்டர்நெட் போனை மாட்டினான். கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. "என்னம்மா சொல்ற, ஒண்ணும் புரியல." "கொஞ்சம் திருத்தமாப் பேசு." மதுரைக்காரர் ஒருவர், "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றே கேட்டுவிட்டார். அவர்கள் பேசுவது எனக்குக் கணீரென்று கேட்டது. அதனால் போன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பிரவீன்குமாரிடம் கேட்டேன். "ஒங்க ஸ்லாங்குதான் அக்கா பிரச்சனை. வூடு, செத்த இருங்க, அப்புறமேட்டுக்கு, இதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றான். சென்னையில் படித்த பையன் சொல்கிறான் என்று நான் பேச்சை மாற்ற ஆரம்பித்தேன். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, வீடு, சற்று இருங்கள், பிறகு அழைக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வீட்டில் அம்மா ஒரு நாள், "ஏன்டி, நியூஸ் வாசிக்கிறவ மாதிரி சோறு கேக்குற?" என்றது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவ்வளவு மாற்றியும் புகார் குறையவில்லை. அப்படியென்றால் என் குரலே கோளாறு என்று முடிவுக்கு வந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் முதலாளி மார்க்கைக் காட்டினார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பழக்கம். சூளையிலிருந்து இறக்கிய சரக்கில் கைக்கு வந்த கட்டையை எடுத்து விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீரென்றால் நல்ல சரக்கு. டொக்கென்றால் உள்ளே விரிசல், தூக்கி ஓரம் போடு. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஆயுசு முழுக்கச் சுண்டிப் பார்த்தே தரம் பிரித்தவருக்கு, ஒரு பெயருக்கு நேரே மார்க் இருந்தால் அது அந்த ஆளின் மார்க்குதான். நடுவில் ஒயர் இருக்கிறது, பெட்டி இருக்கிறது என்றெல்லாம் அவருக்குத் தோன்றாது. எனக்கும்தான் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியது பிரவீன்குமாருக்கு. அவன் அன்றைக்கு அங்கேயே நின்றுகொண்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஃப்ளோரா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த மார்க்கு எப்படிப் போடுறாங்கன்னு கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? ஃபெயிலுன்னு ஆயிடுச்சு."

"ஏய், ஃபெயிலானவ பேப்பரையாவது திருப்பிக் கேப்பாடி. வா."

பிரவீன்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "போன்லயே தெரியும் அக்கா, பேசுறப்பவும் பேசி முடிச்சதும் இந்தப் பட்டனை அமுக்குனா மார்க்கோட வரி வரியா வரும்" என்று காட்டினான். அந்த வரிகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று ஃப்ளோரா கேட்டதும், "அது டெக்னிக்கலு" என்று சொல்லிவிட்டு நழுவினான். அவன் போன வேகமே எங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

சேலத்துக் கடைக்கு ஒரு போன் போட்டேன். பேசிக்கொண்டே பட்டனை அமுக்கினேன். சின்ன திரையில் எண்கள் ஓடின. வந்தது என்று ஒரு வரி, போனது என்று ஒரு வரி. ஃப்ளோரா தன் செல்போனில் அந்த ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடிக் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நாம பேசுறதத் துண்டு துண்டா நறுக்கி அனுப்புமாம். அந்தாண்ட போயி மறுபடியும் ஒண்ணு சேருமாம். வழியில எவ்ளோ துண்டு தொலைஞ்சுதுன்றதுதான் இந்த வரி."

வந்தது என்ற வரியில் தொலைந்தது எதுவுமில்லை. போனது என்ற வரியில் எண் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல, என் பேச்சு சேலம் போய்ச் சேராமல் நடுவழியில் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கடைக்காரர் வழக்கம்போல "என்னம்மா சொல்ற?" என்று அலுத்துக்கொண்டார்.

போனை வைத்தேன். "அப்ப இது என் மார்க்கு இல்லையா?"

"லைனோட மார்க்குடி. நீ அந்த லைன்ல உக்காந்திருக்குற, அவ்ளோதான்."

அப்போதுதான் வர வேண்டிய கோபம் வந்தது. பஸ்ஸில் முணுமுணுத்ததற்கும் அம்மாவிடம் எரிந்து விழுந்ததற்கும் சேர்த்து வந்தது. ஒரு வருஷமாக என் வாயைப் பிடித்து நானே நிமிண்டிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு ஒயருக்காக! அழுகையும் வந்தது. ஃப்ளோரா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் பேக்கிங்குக்குப் போகவில்லை. நேராக ஆபீஸுக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி வந்தார், பின்னாலேயே பிரவீன்குமார்.

"என்னம்மா, இங்க உக்காந்திருக்குற?"

"என் எடத்துலதாங்க உக்காந்திருக்குறேன். பேக்கிங்குக்குப் போக மாட்டேன். அந்த மார்க்கு என்னோடது இல்லைங்க, லைனோடது."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாத்துக்கும் ஒரே லைனுதானே? எனக்கு மட்டும் எப்படிப் பச்சையா இருக்குது?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. பிரவீன்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்க இதுல உக்காந்து பேசுங்க மொதலாளி. யாரு கிட்ட வேணும்னாலும் பேசுங்க. பச்சை வந்துச்சின்னா நானே டேப் ரோலை எடுத்துக்கிட்டு பேக்கிங்குக்குப் போயிடுறேன்."

"என்ன, எனக்கே பரீட்சை வைக்கிறியா?"

"எனக்கு வச்சீங்கல்ல?"

வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஃப்ளோராவின் பேனா நின்றது. முதலாளிக்கு முகம் சிவந்தது. ஆனால் பின்வாங்குகிற ஆள் இல்லை அவர். "போடு, திருப்பூருக்குப் போடு" என்று உட்கார்ந்தார். திருப்பூரில் ராஜ்மோகன் என்று ஒருவர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், எங்கள் பெரிய வாடிக்கை. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ராஜ்மோகன் சாரா? வணக்கம், வணக்கம். நான் விருத்தாசலத்துலேருந்து பழமலைநாதன்."

"யாருங்க? விட்டு விட்டுக் கேக்குதுங்க."

"பழமலைநாதன்! ஓனரு!"

"ஒண்ணுமே வெளங்கலைங்களே."

எங்கள் முதலாளி சூளைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் இந்தப் பக்கம் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலையெல்லாம் திரட்டிக்கொண்டு கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அட, எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க?" என்றார் ராஜ்மோகன். "கத்துனா வெளங்கீருமா? அந்தப் புள்ளைகிட்டப் போனைக் குடுங்க. அது பேசுனா பாதியாவது வெளங்கும்."

இணைப்பு அறுந்துபோனது. ஃப்ளோரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பட்டனை அமுக்கினேன். ஐந்துக்கு இரண்டுகூட வரவில்லை, ஒன்றரைதான்.

"மொதலாளி, உங்க குவாலிட்டி சரியில்லைங்க" என்றேன்.

"மெஷினு கெட்டுப்போச்சு" என்றார் அவர்.

"நேத்து எனக்கு மார்க்கு போட்டப்ப நல்லா இருந்த மெஷினு, இன்னைக்கு உங்களுக்குப் போட்டப்ப கெட்டுப்போச்சுங்களா? பொய் சொன்னா ரெண்டு பேருக்கும் பொய் சொல்லட்டும். நெசம் சொன்னா ரெண்டு பேருக்கும் நெசம் சொல்லட்டும்."

அவர் பிரவீன்குமார் பக்கம் திரும்பினார். அவன் திருட்டு முழி முழித்தான். ஒரு வழியாக வாயைத் திறந்தான். முதலாளியின் போன் ஆபீஸுக்குள் இன்டர்நெட் வருகிற பெரிய பெட்டியோடு நேராகச் சேர்ந்திருக்கிறதாம். என் போனுக்கு ஒயர் எட்டவில்லை என்று, சூளை செட்டின் சுவரில் ஒரு சின்ன பெட்டியை மாட்டி அது வழியாகக் கொண்டுவந்தானாம். "அதுல ஏதாவது இருக்கலாம் மாமா."

"அப்ப ஒரு வருஷமா என் ஸ்லாங்குன்னு சொன்னியே?" என்று கேட்டேன். அதற்கும் தரையைத்தான் பார்த்தான். லைன் மேல் குற்றம் என்றால் மாட்டியவன் மேல் குற்றம். அதை என் நாக்கின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறான்.

எல்லோரும் சூளை செட்டுக்குப் போனோம். சுவரில், தலைக்கு மேல், பெட்டி இருந்த இடத்தில் பெட்டியே தெரியவில்லை. கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை அதன் மேல் கவிழ்த்து, வாயைச் சணலால் இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. பையின் மேல் விபூதிப் பட்டை, நடுவில் காய்ந்த குங்குமம்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலில் மூடாமல் வைத்த பொருள் உருப்படாது. ஈரக் கட்டையைத் திறந்து போட்டால் காற்றுப் பட்டு விரிசல் விடும், அதனால் சாக்கு நனைத்து மூடுவோம். மோட்டாருக்கு உறை, தராசுக்கு உறை, கம்ப்யூட்டருக்குக்கூடத் துண்டு. மண் தூசி படாமல் இருக்க எதையும் இழுத்து மூடிவிடுவது இங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். பெட்டி புதிதாக வந்தபோது ஆயுத பூஜை நாளில் யாரோ பக்தியாகப் பொட்டு வைத்து, பத்திரமாக மூடிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சூளை, இந்தப் பக்கம் பை. அந்தப் பெட்டி ஒரு வருஷமாக உள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது.

"யாரு கட்டுனது இதை?" என்று பிரவீன்குமார் அதட்டினான். குற்றம் கைமாறியதில் அவனுக்கு ஒரு தெம்பு.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நான்தான்டா கட்டுனேன். மண்ணு உள்ள போயிடுமேன்னு."

சணலை அவரே அறுத்தார். பையை எடுத்ததும் சூடான பிளாஸ்டிக் வாடை அடித்தது. பிரவீன்குமார் பெட்டியைக் கழற்றி ஆற வைத்து, ஆபீஸ் பக்கத்துச் சுவரில் மாட்டினான். திரும்பச் சேலத்துக்குப் போட்டேன். வேண்டுமென்றே என் ஊர்ப் பேச்சில் பேசினேன். செத்த இருங்க, அப்புறமேட்டுக்கு லோடு அனுப்புறோம், வூட்டுல எல்லாரும் நல்லா இருக்குறாங்களா என்று ஒன்று விடாமல் சொன்னேன். "என்னம்மா, இன்னைக்கு நல்லா பேசுறியே!" என்றார் சேலத்துக்காரர். மார்க் நாலைத் தாண்டியிருந்தது.

முதலாளி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "சரி விடும்மா, உன் எடத்துலயே இரு. மெட்ராஸுக்கு வேணாம்னு சொல்லிடுறேன். ஆனா எதுக்கும் கொஞ்சம் திருத்தமாவே பேசு."

உட்காரப் போனவள் நிமிர்ந்தேன்.

"திருத்துறதுக்கு என் பேச்சுல ஒண்ணும் இல்லைங்க. என் வூடு வூடாவே இருக்கட்டும். அப்புறம், பேச வரலைன்னு என்னைச் சொன்னது செட்டு முழுக்கத் தெரியும். லைனுதான் கெட்டுக் கெடந்துச்சுன்னும் தெரியணும். நீங்களே வந்து சொல்லிடுங்க."

"மொதலாளி போயி மன்னிப்பு கேக்கணுமா?"

"மன்னிப்பு வேணாங்க. நடந்ததச் சொல்லுங்க போதும்."

"வேலையப் பாரும்மா" என்று தன் அறைக்குத் திரும்பினார்.

நான் வேலையைப் பார்க்கவில்லை. நேராக பேக்கிங் செட்டுக்குப் போனேன். வைக்கோலும் அட்டைப்பெட்டியுமாகப் பெண்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பூவாயி அக்கா நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்குப் பேச வரலைன்றது பொய்யி. போன் பெட்டியில பையை மாட்டி வச்சதுல லைனு கெட்டுக் கெடந்துச்சு. மாட்டுனது மொதலாளி. அதே போன்ல அவரு பேசுனப்ப அவருக்கு என்னைவிடக் கம்மி மார்க்கு."

சிரிப்பு கிளம்பியது. பூவாயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த கட்டையை வைக்கோலில் பதித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லதுதான்டி. ஆனா ஒண்ணு சொல்லு. உனக்குப் பேச வரலைன்னதும் எங்க கிட்டத் தள்ளிவுட்டாரே, அப்ப நாங்கல்லாம் யாரு? பேச வராத ஜனமா?"

எனக்குச் சுருக்கென்றது. போக மாட்டேன் என்று காலையில் முரண்டு பிடித்தபோது நானும் பேக்கிங்கைத் தண்டனையாகத்தான் நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்த அவமானத்தைப் பார்த்தேனே தவிர, அந்த அவமானத்துக்குள் இவர்களையும் வைத்துத்தான் முதலாளி சொன்னார் என்பது உறைக்கவே இல்லை.

"அத என்னைக் கேக்காதீங்க அக்கா" என்றேன். "தள்ளிவுட்டவரு அங்க இருக்குறாரு."

நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க முதலாளி பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். பூவாயி அக்கா புடவையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

"மொதலாளி, செத்த நில்லுங்க" என்றார் பூவாயி அக்கா.

ஆபீஸில் போன் அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன். திருப்பூர் ராஜ்மோகன்.

"யாருங்க, அன்புக்கரசியா? இப்ப நல்லாக் கேக்குது. ஆனா என்ன புள்ள, அங்க ஒரே சத்தமா இருக்குது?"

"பேக்கிங்குல எல்லாரும் பேசுறாங்க சார்" என்றேன். "மொதலாளி கேட்டுக்கிட்டு இருக்குறாரு."